அடுத்த பூரணைக்கு யார் கதைக்கிறது? மட்டக்களப்பு நிரலாளர் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2022 ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம். கல்லடியில் நாங்கள் இரவலாகப் பாவித்து வந்த டியூசன் வகுப்பறையில் நாலு பேர் இருந்தோம். கரண்ட் இல்லை. புரொஜெக்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. லெப்டொப்பில் மிச்சமிருந்த சார்ஜில் நான் குபர்நெட்டிஸ் (பல கணினிகளில் ஓடுகிற பெரிய மென்பொருள்களை நிர்வகிக்கும் கருவி) பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். மற்ற மூன்று பேரும் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் கேள்வி எதுவும் வரவில்லை. கதவைப் பூட்டி, திறப்பை உரிமையாளர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதத்துக்கு அறிவித்தல் போடவில்லை. ஏன் போடவில்லை என்று ஒருவரும் கேட்கவும் இல்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னர், கோவிட் முடக்கம் தளர்ந்த 2021 நவம்பரில், இதே அறையில் கதிரை போதாமல் பொடியன்மார் சுவரோரம் நின்றார்கள். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள்.

அந்த முப்பது பேர் எப்படி நாலு பேரானார்கள், நின்றுபோன குழு எப்படித் திரும்ப எழும்பியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அக்கரைப்பற்றிலும் திருகோணமலையிலும் இப்படி ஒன்று தொடங்க நினைக்கிற பிள்ளைகள் விபரம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட, நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று தோன்றியது. பெயர்களை மட்டும் தவிர்த்திருக்கிறேன்.

முதல் ஆறு மாதம்

நான் ஊரில் இருந்துகொண்டு கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறவன். கோவிட்டோடு என்னைப்போல இன்னும் பலர் ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் வருடா வருடம் கணினி படித்த பிள்ளைகளை வெளியே அனுப்புகின்றன. அவர்களைத் தவிர, கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறவர்கள், வேர்ட்பிரஸ்ஸில் தளம் செய்து கொடுக்கிறவர்கள், பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிற ஆசிரியர்கள் என்று வாவியின் இரண்டு கரையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஒருவரைத் தெரியாது. ஏதாவது சிக்கினால் கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தெருவிலேயே ஆள் இருந்தது.

அதனால் கூடுவோம் என்று சொன்னதும் வந்தார்கள். மாதக் கடைசிச் சனி, பின்னேரம் 4 மணி. முதல் கூட்டத்தில், மென்பொருளை அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் பொதி செய்து ஓட்டுகிற ‘கொள்கலன்கள்’ பற்றியும் அதற்கான டொக்கர் என்ற கருவி பற்றியும் நான் பேசினேன். இரண்டாவதில் மைக்ரோசேர்விஸ் (பெரிய மென்பொருளைச் சின்னச் சின்னச் சேவைகளாகப் பிரித்து எழுதும் முறை) பற்றிப் பேசினேன். மூன்றாவது மாதம் கொழும்பிலிருந்து நண்பர் ஒருவர் சூமில் பேசினார். இணைப்பு நாலு தடவை விழுந்தது. நாலாவதும் ஐந்தாவதும் திரும்ப நான். ஆறாவது, மேலே சொன்ன இருட்டுக் கூட்டம்.

நின்றுபோனதற்குக் காரணம் சொல்வது அந்த நேரம் கஷ்டமாக இருக்கவில்லை. மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. பெற்றோலுக்கு விடிய விடிய வரிசை. பால்மா இல்லை, காஸ் இல்லை. இந்த நிலைமையில் யார் புரோகிராமிங் கதைக்க வருவான் என்று எல்லோரும் சொன்னோம். நானும் அதை நம்பினேன்.

ஆனால் ஜூன் மாதம் ஒரு நாள், கரண்ட் இல்லாத நேரம், பழைய வருகைத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். நவம்பரில் முப்பத்திச் சொச்சம். டிசம்பரில் இருபது. ஜனவரியில் பன்னிரண்டு. பெப்ரவரியில் எட்டு. நீண்ட மின்வெட்டுகளும் பெற்றோல் வரிசைகளும் எங்கள் நாளாந்த வாழ்க்கையைப் பிடித்தது அதற்குப் பிறகுதான். அதற்கு முன்னமே குழு முக்கால்வாசி கரைந்திருந்தது.

அதே தாள்களில் பேசியவர் யார் என்றும் எழுதியிருந்தேன். ஆறு கூட்டத்தில் ஐந்தில் என் பெயர்.

கல்முனைத் தம்பி சொன்ன கதை

கல்முனையில் பலசரக்கு மொத்தக் கடைகளுக்கு பில் மென்பொருள் எழுதிக் கொடுக்கிற தம்பி ஒருவர் முதல் மூன்று கூட்டத்துக்கும் வந்தவர். பிறகு வரவில்லை. ஜூலையில் அவரைக் கல்லடிப் பாலத்தடித் தேத்தண்ணிக் கடையில் தற்செயலாகச் சந்தித்தேன். ஏன் தம்பி வாறதில்ல என்று கேட்டேன். பெற்றோல் கதை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பிளேன்ரீயைக் கலக்கிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“அண்ணன், கோவிக்கப்படா. நீங்க சொல்றது எல்லாம் பெரிய விசயம். என்ட கடைக்காரன்ட கொம்பியூட்டர்ல நாலு ஜீபி ரேம்தான் இரிக்கி. அதுல நான் அத என்ன செய்யிற?”

சரி, அப்படியென்றால் நீங்கள் ஒரு நாள் பேசியிருக்கலாமே என்றேன்.

“நான் என்னத்தக் கதைக்கிற? பில் அடிக்கிற கதையா? அத யார் கேப்பாங்க?”

நான் அதற்குப் பதில் சொல்லாமல், கடைசியாக எந்தப் பிரச்சினையில் மண்டையை உடைத்தீர்கள் என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. அரை மணித்தியாலம் கதைத்தார். வாடிக்கையாளர் பட்டியலில் கொக்கட்டிச்சோலை என்று தேடினால், அங்கே இருக்கிற கடைகளில் பாதி வருகிறதாம், பாதி வரவில்லையாம். எழுத்துப் பிழை இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. இரண்டு கிழமையாக அவருக்கு நித்திரை இல்லை.

எனக்கு அந்த இடத்திலேயே விடை தெரியும். சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு யோசித்தேன். அவர் என்னிடம் சொன்ன அரை மணித்தியாலம் நான் ஆறு மாதம் பேசிய எல்லாவற்றையும்விடக் கேட்க நன்றாக இருந்தது. அதை ஒரே ஒரு ஆள் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறேன்.

எங்களிடம் கேட்கிறவர்களுக்குக் குறை இருக்கவில்லை. பேசுகிறவர் என்றால் பெரிய கம்பனியில் இருக்கிற, பெரிய விஷயம் தெரிந்த ஆள் என்று ஒரு எண்ணம் இருந்தது. நான் மாதம் மாதம் முன்னுக்கு நின்று பேசி அந்த எண்ணத்தை இறுக்கிக்கொண்டிருந்தேன். இந்தக் குழுவில் நான் செய்த பெரிய பிழை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். நல்ல நோக்கத்தோடு செய்தது என்பதால் கண்டுபிடிக்க அத்தனை மாதம் எடுத்தது.

பூரணை நாள்

திரும்பத் தொடங்குமுன் நாளை மாற்றினோம். வெள்ளி ஜும்ஆ. சனி டியூசன், கடைகளுக்கும் வியாபார நாள். ஞாயிறு தேவாலயம், கலியாணம், எட்டுச் செலவு. எந்தக் கிழமையை எடுத்தாலும் ஒரு பகுதி விடுபடும். கல்முனைத் தம்பிதான், “போயாவுக்கு வைப்பம் அண்ணன்” என்றார். பூரணை விடுமுறை மாதம் ஒருமுறை எப்படியும் வரும். பாடசாலை, வங்கி, கந்தோர் எல்லாம் பூட்டு. எல்லா வீட்டுக் கலண்டரிலும் சிவப்பில் இருக்கிறது. ஞாபகப்படுத்தவே தேவையில்லை. மட்டக்களப்பில் பூரணைக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. பாடும் மீனின் ஓசை கல்லடிப் பாலத்தடியில் பூரணை இரவுகளில்தான் நன்றாகக் கேட்கும் என்று சொல்லித்தானே நாங்கள் வளர்ந்தோம்.

நேரம் காலை 9.30 முதல் 12 வரை. பின்னேரம் 4 மணிக்கு வைத்தபோது முடிய இருட்டிவிடும். செங்கலடியிலிருந்தும் களுவாஞ்சிகுடியிலிருந்தும் வருகிற தங்கச்சிமார் பஸ்ஸுக்காகப் பாதியில் எழும்பிப் போவார்கள். காலைக்கு மாற்றிய பிறகு அவர்கள் கடைசிக் கேள்வி வரை இருந்தார்கள். இவ்வளவு சின்ன மாற்றத்துக்கு ஏன் இவ்வளவு நாள் எடுத்தோம் என்று எனக்கு இன்றும் கவலை.

சித்திரைப் பூரணையில் மட்டும் வைப்பதில்லை. தாயை இழந்தவர்கள் விரதம் இருக்கிற நாள். அந்த மாதம் ஞாயிறுக்கு மாற்றுவோம்.

“பார்ப்பம்” என்றால்

இனி ஆள் பிடிக்கிற கதை. “ஒரு நாள் வந்து பேசுங்களேன்” என்று கேட்டால் எங்கள் ஊரில் ஒரே பதில்தான் வரும்: “பார்ப்பம் அண்ணன்.” பார்ப்பம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூடாது என்பதற்காகச் சொல்வது. முதல் ஆறு மாதத்தில் பதினைந்து பேரிடமாவது அந்தப் பதிலை வாங்கியிருப்பேன்.

பிறகு கேட்கிற விதத்தை மாற்றினேன். தலைப்பைச் சொல்லிக் கேட்பது. அதுவும் அவர்கள் வாயிலிருந்தே வந்த தலைப்பு. “போன கிழமை எனக்கு ஒரு கதை சொன்னீங்களே, அந்த எஸ்எம்எஸ் பில் கதை, அதையே பத்து நிமிசம் அங்க சொல்லுங்க. ஸ்லைட் வேணாம். வெள்ளைப்பலகை இரிக்கி. வியாழக்கிழமை எனக்குப் போன்ல ஒருக்கா சொல்லிக் காட்டுங்க.” இதற்குப் பார்ப்பம் என்ற பதில் வருவது குறைவு. என்ன பேசுவது, எவ்வளவு நேரம், எதை வைத்து என்ற மூன்று பயமும் கேள்வியிலேயே போய்விடுகிறது.

போனில் ஒத்திகை கேட்பது ஒரு சடங்கு என்று நினைத்துவிட வேண்டாம். எல்லோரும் விடுகிற பிழை ஒன்று உண்டு. மேடை என்றதும் வரைவிலக்கணத்தில் தொடங்குவார்கள். யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் ஒரு எண் தருகிற முறை) என்றால் என்ன, எந்த வருடம் வந்தது என்று. ஒத்திகையில் நான் சொல்வது ஒன்றே ஒன்று: எந்த நேரம் உங்களுக்கு வயிறு கலங்கியதோ அங்கே தொடங்குங்கள்.

மூன்று பூரணை

2022 ஓகஸ்ட் பூரணைக்கு ஒன்பது பேர் வந்தோம். பெற்றோலுக்குத் தேசிய எரிபொருள் அட்டை வந்த புதிது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். கல்முனையிலிருந்து வந்துபோக கிட்டத்தட்ட 80 கிலோமீற்றர். அதாவது ஒரு கூட்டத்துக்கு வருவதென்றால் கிழமைப் பங்கில் பெரிய பகுதி போய்விடும். அப்படியும் தம்பி வந்தார், பின்னுக்கு ஒருவரை ஏற்றிக்கொண்டு.

அன்று பேசியவர் வந்தாறுமூலையில் மூன்றாம் வருடம் படித்த மாணவர். தலைப்பு அவர் பெற்றோல் வரிசையில் நின்றபோது வந்தது. அவருடைய மாமாவின் எரிபொருள் அட்டைக் கியூஆர் தாள் மழையில் நனைந்து ஒரு மூலை கிழிந்திருந்தது. அப்படியும் ஸ்கேன் ஆனது. எப்படி? ஏ4 தாள் முழுக்க ஒரு கியூஆர் அச்சடித்துக்கொண்டு வந்திருந்தார். சுவரில் ஒட்டி, ஒவ்வொருவராக வந்து கறுப்பு மார்க்கரால் கிறுக்கச் சொன்னார். ஒரு கிறுக்கல், போனைப் பிடித்தார், வாசித்தது. இன்னொன்று, வாசித்தது. அறையில் இருந்த எல்லோரும் எழும்பி வந்துவிட்டோம். நாலாவது ஆள் பெரிதாக ஒரு பெருக்கல் அடையாளம் போட்டார், அப்போதும் வாசித்தது. பிறகு மாணவர் தானே மார்க்கரை வாங்கி மூலையில் இருந்த சதுரம் ஒன்றை மட்டும் மூடினார். போன் தேடிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகுதான் பலகைக்குப் போனார். 1994இல் ஜப்பானில் டென்சோ நிறுவனம் வாகன உதிரிப்பாகங்களைப் பின்தொடர உருவாக்கியது இது. திருத்தும் வலு நாலு மட்டம்: ஏறக்குறைய 7, 15, 25, 30 சதவீதம் பழுதானாலும் மீட்கலாம். மூலைச் சதுரங்கள் மூன்றும் திசை காட்டுகிறவை, அவை போனால் மிச்சம் இருந்தும் பிரயோசனம் குறைவு. பாதியில் கரண்ட் போனது. ஒருவரும் கவனிக்கவில்லை. அவருக்குத் தேவையாக இருந்தது ஒரு தாள், ஒரு மார்க்கர், ஒரு போன்.

செப்டெம்பரில் ஒரு தங்கச்சி. டியூசன் நிலையம் ஒன்றில் வேலை. பெற்றோருக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புகிற சின்ன மென்பொருளை எழுதியவர். மாதம் முடிய வந்த பில் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு. முதலாளி அவரைத்தான் கேட்டார். பலகையில் “நாளை வகுப்பு நடைபெறாது” என்று எழுதிவிட்டு, எத்தனை எழுத்து என்று சபையைக் கேட்டார். இடைவெளியோடு 13 என்றோம். கணினிக்கு அது 22 என்றார். நா என்பது ந ஒன்று, அரவு ஒன்று. ப் என்பது ப ஒன்று, புள்ளி ஒன்று. இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிக் காட்டினார்.

ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும், அதனால் 160 எழுத்துப் போகும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 2 பைட், ஆகவே 70தான். அதைத் தாண்டினால் இரண்டாகப் பிரியும், பிரிந்தால் துண்டுக்கு 67. அவர்களுடைய எல்லாச் செய்தியும் “அன்பார்ந்த பெற்றோர்களே” என்று தொடங்கும். அதை எண்ணினால் அதுவும் 22. விளிப்பும் செய்தியும் சேர்ந்து காற்புள்ளி, இடைவெளியோடு 46. மிச்சம் 24. நிலையத்தின் முழுப் பெயரும் கீழே வருகிற ஆசிரியரின் பட்டங்களும் சேர்ந்து இரண்டாவது எஸ்எம்எஸ்ஸுக்குப் போய்விடும்.

பின்னுக்கிருந்த ஒரு பொடியன், அப்போ ‘அன்பார்ந்த’ என்பதை வெட்டலாமே என்றான். “அதை வெட்ட ஏலாது,” என்றார் அவர். “பிள்ளையைப் படிக்க அனுப்புற ஆக்களுக்கு மரியாதையில்லாமல் எழுதக் கூடாது. பட்டத்தை வெட்டினேன்.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் முதல் ஐந்து நிமிடம் இருந்த நடுக்கம் இல்லை.

அந்தப் பேச்சு முடிந்ததும் கல்முனைத் தம்பி எழும்பி, “அப்போ என்ட கொக்கட்டிச்சோலைப் பிரச்சினையும் இந்தப் பிரிக்கிற கதைதான்,” என்றார். எல்லோரும் என்ன ஏது என்று கேட்டார்கள். அவர் சொல்ல வாயெடுத்தார். நான், தம்பி, அதை அடுத்த பூரணைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஓம் என்றார். பார்ப்பம் என்று சொல்லவில்லை.

ஒக்டோபரில் அவர் பேசினார். கொ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க வுக்குப் பிறகு கொம்பும் அரவும் சேர்ந்த ஒரே குறி, அல்லது க, கொம்பு, அரவு என்று தனித்தனியே. திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிடுகிற கணினிக்கு அவை வேறு வேறு. கொக்கட்டிச்சோலையில் கொவும் சோவும் இருப்பதால் பொறி இரண்டு இடத்தில். எங்கே இருந்து வந்தது என்பதையும் கண்டுபிடித்திருந்தார். பழைய கடைப் பட்டியல் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் கொவுக்கு மூன்று விசை: கொம்பு, க, அரவு. அதை யூனிகோடுக்கு மாற்ற அவரே முன்னர் எழுதிய நிரல், கொம்பைத் தூக்கி க வுக்குப் பின்னால் வைத்ததோடு நிறுத்திவிட்டது. சேர்த்து ஒட்டவில்லை. புதிய கடைகள் போனில் அடித்தவை, அதில் சேர்ந்த குறி. தீர்வு ஒரு வரி: சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. பைதன் நிரல் மொழியில் அதற்கு யூனிகோட்டேட்டா என்ற தொகுதி கூடவே வருகிறது.

விடை ஒரு வரி. ஆனால் அவர் எந்தெந்த இடத்தில் எல்லாம் பிழையாகத் தேடினார் என்பதை இருபது நிமிடம் சொன்னார். டேட்டாபேஸைக் குறை சொன்னது, கடைக்காரரின் விசைப்பலகையைக் குறை சொன்னது, ஒரு இரவு முழுக்க அட்டவணையைத் திரும்ப அடித்தது. எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டது அந்தப் பகுதியைத்தான்.

கொப்பி

இந்த மூன்று மாதத்தில் தற்செயலாக நடந்ததை நாங்கள் முறையாக்கினோம். ஒரு சீஆர் கொப்பி வாங்கினேன். இடது பக்கத்தில், அன்றைய பேச்சுக்குப் பிறகு வந்த கேள்விகளில் விடை கிடைக்காதவை, யார் கேட்டது என்பதோடு. வலது பக்கத்தில், அதை யார் எடுத்துக்கொண்டார். அன்று பேசியவர் கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோவார். அடுத்த பேச்சாளரைக் கண்டுபிடித்து, ஒத்திகை கேட்டு, அடுத்த பூரணைக்கு அவர் கையில் கொப்பியைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஒழுங்கு. தலைவர், செயலாளர் கிடையாது.

இதில் நான் எதிர்பாராத நன்மை ஒன்று இருந்தது. நான் போய்க் கேட்டால் எனக்குத் தெரிந்த இருபது பேரைத்தான் கேட்பேன். கொப்பி காத்தான்குடி நண்பர் ஒருவரிடம் போனபோது, அவர் அழைத்து வந்த மின்மானித் தரவு வேலை செய்கிற காக்காவை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கொப்பி ஆசிரியை ஒருவரிடம் போனபோது உயர்தரம் படிக்கிற பையன் வந்தான்.

அந்தப் பையனின் பேச்சு நவம்பரில், மாரி அடித்து ஊற்றுகிற நாளில். ஏழு பேர். அடையாள அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியைக் கண்டுபிடிக்கிற நிரல் எழுதியிருந்தான். இலக்கத்தில் பிறந்த வருடமும், வருடத்தில் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கிறது, பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். தன் இலக்கத்தைப் போட்டான், சரியாக வந்தது. அம்மாவுடையதைப் போட்டான், ஒரு நாள் பிந்தி வந்தது. அம்மாவிடம், உங்கட பிறந்தநாளே பிழை என்று சண்டை பிடித்தானாம். இரண்டு நாளுக்குப் பிறகுதான் பிடிபட்டது: அந்த எண்ணிக்கை எல்லா வருடத்தையும் 366 நாளாகவே எடுக்கிறது. லீப் அல்லாத வருடத்தில் பெப்ரவரிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஒன்று கழிக்க வேண்டும். அவன் ஜனவரியில் பிறந்தவன், அதனால் அவனுக்குத் தெரியவில்லை. நிரலைச் சோதிக்க உன்னை மட்டும் வைத்துப் பார்க்காதே என்று எத்தனையோ தடவை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒரு நாளும் சொன்னதில்லை.

டிசம்பர் பூரணை எங்களுக்கு வேறு மாதிரியான நாள். 2004 டிசம்பர் 26உம் ஒரு பூரணைதான். கல்லடியும் நாவலடியும் அன்று பட்டதை இங்கே எழுதத் தேவையில்லை. பையன் பேசிய அடுத்த மாதம், டிசம்பர் பூரணைக்கு, எங்களில் மூத்தவர் ஒருவர் சஹானா பற்றிப் பேசினார். சுனாமி நடந்த சில நாட்களிலேயே இலங்கையின் தொண்டர் நிரலாளர்கள் எழுதத் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் அது. காணாமல் போனவர்களை, முகாம்களை, உதவிகளைப் பதிய. பிறகு 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டியிலும் பாவிக்கப்பட்டது. பேசியவர் அந்த நேரம் முகாம் ஒன்றில் கொப்பியில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர். ஒரே ஆள் மூன்று முகாமில் மூன்று எழுத்துக்கூட்டலில் பதிந்திருந்ததையும், அந்தப் பெயரைத் தேடி வந்தவரிடம் இல்லை என்று திருப்பி அனுப்பியதையும் சொன்னார். கேள்வி நேரத்தில் யாரும் உடனே கை உயர்த்தவில்லை. அன்று கொப்பியில் எழுதிய கேள்வி: தமிழ்ப் பெயர்களை எழுத்துக்கூட்டல் மாறினாலும் கண்டுபிடிப்பது எப்படி? அதற்கு மட்டும் நாலு பேச்சு நடந்திருக்கிறது. இன்னும் முடியவில்லை.

சறுக்கிய இடங்கள்

கொப்பி வந்ததோடு எல்லாம் சரியாகிவிடவில்லை.

ஒரு தம்பி கிட் (நிரலில் செய்கிற மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பற்றிப் பேசியபோது, அது ஒவ்வொரு பதிவிலும் வித்தியாசத்தை மட்டும் சேமிக்கிறது என்றார். நான் இருந்த இடத்திலிருந்தே, இல்லை, முழு நிலையையும் சேமிக்கிறது என்று இடைமறித்தேன். விஷயத்தில் நான் சொன்னது சரி. அவர் அதற்குப் பிறகு பலகையைப் பார்த்தபடியே பேசி முடித்தார். அடுத்த இரண்டு பூரணைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது பேச்சு நடக்கும்போது திருத்துவதில்லை. கேள்வி நேரத்தில் முதல் மூன்று கேள்வி புதியவர்களுக்கு. அதற்குப் பிறகும் திருத்த ஏதாவது இருந்தால் தனியே, தேத்தண்ணியோடு.

பெரிய சறுக்கல் 2023இல். கொழும்பு நிறுவனம் ஒன்று ஏசி மண்டபம், சாப்பாடு, ரீசேட் எல்லாம் தருவதாக வந்தது. ஆள் வந்தது, அறுபது பேருக்கு மேல். ஆனால் வந்தவர்களின் தொலைபேசி இலக்கப் பட்டியல் கேட்டார்கள். பேச்சும் அவர்களுடைய ஆட்கள்தான். இரண்டு கூட்டம். கொப்பி அந்த இரண்டு மாதமும் என் மேசையில் கிடந்தது. மூன்றாவது மாதம் அவர்கள் வரவில்லை. நாங்கள் திரும்ப டியூசன் வகுப்பறைக்கு வந்தபோது பதினொரு பேர். அவர்களிலும் முதல் பேச்சுக்கு ஆள் பிடிக்கத் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. மண்டபம் தருகிறவர்களை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பத்து நிமிடமாவது எங்கள் பிள்ளை ஒருவர் பேசாத கூட்டத்துக்கு இனி நாங்கள் பெயர் கொடுப்பதில்லை. இலக்கப் பட்டியல் எவருக்கும் இல்லை.

செலவு என்று பார்த்தால் தேத்தண்ணியும் ரோல்ஸும்தான். தகரப் பேணி ஒன்று சுற்றிவரும், முடிந்தவர்கள் போடுவார்கள்.

இப்போது

பதினைந்து முதல் இருபது பேர் வரை வருகிறார்கள். மழை மாதங்களில் பத்து. முப்பதைத் திரும்ப எட்டவில்லை, எட்ட வேண்டும் என்று இப்போது நினைப்பதும் இல்லை. நான் கணக்குப் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்த வருடம் முதன்முதலாகப் பேசியவர் எத்தனை பேர். போன வருடம் ஒன்பது. நான் ஒரு தடவை பேசினேன், அதுவும் சொன்ன ஆள் காய்ச்சலில் படுத்ததால்.

கொப்பி இப்போது மூன்றாவது. அது இந்த மாதம் ஏறாவூர்ப் பக்கம் படிப்பிக்கிற ஆசிரியை ஒருவரிடம் இருக்கிறது. அவருடைய கேள்வி வரவு இடாப்பு பற்றியது. வகுப்பின் பெயர்களைக் கணினியில் அகர வரிசைப்படி அடுக்கினால் றஞ்சினி, லதாவுக்கு முன்னுக்கு வருகிறாள். நாங்கள் படித்த நெடுங்கணக்கில் ற, வகரத்துக்கும் பின்னால் அல்லவா வர வேண்டும்? இன்னும் முழு விடை கிடைக்கவில்லை என்கிறார். புதன்கிழமை பாடசாலை விட்ட பிறகு ஒத்திகை கேட்க வரச் சொல்லியிருக்கிறார். போன வருட இடாப்பையும் எடுத்து வைத்திருக்கிறாராம்.